கவனிப்பு யாருடைய கடன்?

சென்ற வருடம் ஜூலை மாதத்தில், தரம் 11இன் வரவு இடாப்பில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து பதினெட்டு நாட்கள் பூச்சியம் விழுந்திருந்தது. அது சாதாரண தரப் பரீட்சைக்குரிய வகுப்பு. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் வரவு குறைவது புதினமல்ல. விமலசுரேந்திர நீர்த்தேக்கத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்றால் அன்று வகுப்பில் பாதிப் பேர்தான் இருப்பார்கள். ஆனால் இந்தப் பிள்ளை மழையிலும் வருகிறவள். கணிதத்தில் கெட்டிக்காரி. இரண்டு முறை கூடப் படிக்கும் பிள்ளைகளிடம் சொல்லியனுப்பினேன். பதில் இல்லை. இடைவிலகியவர் என்று எழுதுவதற்கு முன்னர் ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று லயத்துக்கு நடந்தேன்.

காம்பராவுக்குள் வெளிச்சம் குறைவு. சாக்குக் கட்டிலில் அவளுடைய அம்மாயி படுத்திருந்தார். பிள்ளை ஒரு கையால் கிழவியின் தோளையும் மறு கையால் இடுப்பையும் பிடித்து மெதுவாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு, போர்வையை இழுத்து மூடினாள்.

“ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும் சேர். இல்லாட்டிப் புண்ணு வந்துடும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க.”

“அம்மா எங்கே?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் மடைத்தனம் எனக்கு உறைத்தது. அவளுடைய அம்மா எங்கே என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் எவருமில்லை. அந்த நேரத்தில் அவர் எங்கள் வீட்டில், பாரிசவாதத்தில் மூன்று வருடமாகப் படுத்திருக்கும் என் உம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. அக்காவின் தாயார் மே மாதத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது தெரியும். அதற்காக அக்கா ஒரு வாரம் வரவில்லை, பிறகு வந்தார். “அம்மாவுக்கு எப்படி?” என்று கேட்டேன். “இருக்கிறாங்க சேர்” என்றார். அவரில்லாத நேரத்தில் அம்மாவோடு யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை வராததும் தெரியும்; அவள் அக்காவின் மகள் என்பதும் தெரியும். இவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கத்தான் தவறிவிட்டேன். என் உம்மாவின் முதுகில் புண் வராமலிருப்பதற்காக அக்கா எங்கள் வீட்டுக்கு வருகிறார். அக்காவின் தாயாரின் முதுகில் புண் வராமலிருப்பதற்காக அவர் மகள் பாடசாலையை விட்டு நிற்கிறாள். அந்தச் சங்கிலியின் ஒரு முனையை நான் பிடித்திருக்கிறேன்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. முதுமையில், நோயில், ஒரு மனிதரைக் கவனிக்க வேண்டிய கடன் யாருடையது? பிள்ளைகளுடையதா, வேலை வாங்கியவருடையதா, அரசாங்கத்துடையதா? அரசாங்கத்துடையது என்றால், அது தன் பிரஜைகளுக்கு மட்டும் பட்ட கடனா, அந்த மண்ணில் வாழும் எல்லோருக்குமா?

*

அந்த அம்மாயியின் கதை மலையகத்தில் ஆயிரக்கணக்கானோரின் கதை. 1953ஆம் ஆண்டளவில் இதே தோட்டத்தில் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு முன்பே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய பெற்றோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. கணக்கில் எடுக்கப்பட்டோர் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அந்த மீதியை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் சரிபாதியாக, 75,000 பேர் வீதம் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மூட்டை பிரிக்கும்போதுகூட நிறுத்துப் பார்ப்பார்கள். இங்கே அதுவும் நடக்கவில்லை.

இவருடைய தகப்பனார் இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர். கடவுச்சீட்டும் வந்தது. போவதா விடுவதா என்று இழுபட்டுக்கொண்டிருந்தபோது யுத்தம் தொடங்கி, 1984இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் நின்றுபோனது. குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது, இந்தியப் பிரஜைகள் என்ற பெயரோடு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் இப்படித் தங்கியவர்களுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. அம்மாயி முதன்முதலாக அடையாள அட்டையைக் கையில் வாங்கியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

பதினான்கு வயதில் கொழுந்துக் கூடை எடுத்தவர். நாற்பத்தொரு வருடம் அதை இறக்கவில்லை. அந்தக் காலம் முழுவதும் மாதாமாதம் அவருடைய சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு வெட்டினார்கள். அதை வெட்டும்போது, நீ எந்த நாட்டுப் பிரஜை என்று யாரும் கேட்கவில்லை. கொடுக்கும்போது கேட்டார்கள். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல். இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்கச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியதாயிற்று. வந்த தொகை மூத்த பிள்ளையின் கலியாணத்தோடும் அடகு மீட்டதோடும் முடிந்தது.

இதை அவருடைய ஊதாரித்தனம் என்று சொல்லிவிட முடியாது. சேமலாப நிதி ஒரே தடவையில் கைக்கு வரும் பணம். ஓய்வூதியம் அப்படியல்ல, சாகும்வரை மாதாமாதம் வருவது. நான் அரசாங்க ஆசிரியன். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் படித்து வெளிவந்த நாளிலிருந்து எனக்கு ஓய்வூதியம் உறுதி. ‘அக்ரஹார’ மருத்துவக் காப்புறுதிக்கும் என் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஒரு பகுதிச் செலவு திரும்பி வரும். என் தொழிலும் அவருடைய தொழிலும் இந்த நாட்டுக்குத் தேவையானவையே. ஆனால் முதுமைக்கு என்று எனக்கு ஒரு தூண் நட்டிருக்கிறார்கள், அவருக்கு நடவில்லை.

*

கிழவி விழுந்த அன்று தோட்டத்து வாகனம் கேட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் காம்பராவில் இப்போது யாரும் தோட்டத்தில் பதிவு இல்லை என்று பதில் வந்தது. உண்மைதான். மகன் வத்தளைப் பக்கம் போய்விட்டான். மருமகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறார். மகள் எங்கள் வீட்டுக்கு வருகிறார். நாற்பத்தொரு வருடம் பேர் விழுந்த செக்ரோலில் இன்று அந்த வீட்டுக்குப் பேர் இல்லை. ஓட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள்.

இந்தப் பதிலின் வேர் ஆழமானது. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்ய வேண்டுமென்று பிரிட்டிஷ் அரசாங்கம் 1872இலேயே சட்டம் கொண்டுவந்தது. 1912இல் அது திருத்தி விரிக்கப்பட்டது. தோட்டத்துக்கொரு டிஸ்பென்சரி, ஒரு மருந்து ஐயா, பிள்ளைக் காம்பரா என்று அதிலிருந்து வளர்ந்தவை பல. ஆனால் கூலியாள் இறந்தால் கோப்பிக்கும் தேயிலைக்கும் ஆளில்லை என்ற கணக்கும் அதில் கலந்திருந்தது. உழைக்கும் உடம்பைப் பழுதுபார்ப்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம். உழைத்து முடித்த உடம்பு அந்தக் கணக்கில் வராது. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. கைகள் மாறினாலும் அந்தக் கணக்கு மாறவில்லை.

பாடசாலையை எடுத்துப் பாருங்கள். எழுபதுகளில் தொடங்கித் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆகவே, தாய் தகப்பன் தோட்டத்தில் வேலை செய்கிறார்களா என்று கேட்டு எந்தப் பிள்ளையையும் நாங்கள் வகுப்பில் சேர்ப்பதில்லை. வைத்தியத்திலோ அந்தக் கைமாற்றம் அரைகுறையாக நின்றுவிட்டது. சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் எடுத்தது. பல தோட்டங்களில் முதல் கதவு இன்னும் தோட்டத்தின் கதவுதான்.

அரசாங்க ஆஸ்பத்திரியைப் பற்றி நன்றியோடுதான் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் மருத்துவக் காப்புறுதி அட்டை இல்லாதவரும் சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாம்; வரிப்பணத்தில் நடக்கும் இலவச வைத்தியம் அது. எங்கள் பக்கத்துக்கு, டிக்கோயாவில் இந்திய அரசின் உதவியோடு 150 கட்டில்கள் கொண்ட புதிய கட்டடம் கட்டி, 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்தார். கிழவியை அனுமதித்த ஆஸ்பத்திரியிலும் யாரும் பிரஜாவுரிமை கேட்கவில்லை. எலும்பைப் பொருத்தினார்கள். சில நாட்களில், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். அதிலும் பிழையில்லை, கட்டிலுக்கு அடுத்தவர் காத்திருப்பார்.

இலவச வைத்தியம் அந்த வாசலோடு முடிகிறது. கவனிப்பு அந்த வாசலுக்கு வெளியே தொடங்குகிறது. வைத்தியம் நாட்கணக்கு, கவனிப்பு வருடக்கணக்கு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட ஒரு கை, மலசலகூடத்துக்குத் தூக்கிப்போக ஒரு தோள், கஞ்சி ஊட்ட ஒரு ஆள்: இதற்கு எந்தத் திணைக்களத்திலும் படிவம் இல்லை. என் அக்ரஹாரவிலும் இல்லை. இந்த நாட்டில் அந்தப் படிவத்தை எப்போதும் பெண்களே நிரப்பிவந்திருக்கிறார்கள். இம்முறை பதினாறு வயதுப் பிள்ளை நிரப்பினாள்.

*

ஆசிரியர் ஓய்வறையில் இதைப் பேசினேன். ஒரு நண்பர் நியாயமாகவே கேட்டார்: “தாய் தகப்பனைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும். அதை அரசாங்கத்தின் தலையில் கட்டினால் பிள்ளைகள் கைகழுவி விடுவார்கள். நம்முடைய மார்க்கமும் அதைத்தானே சொல்கிறது?”

மறுப்பதற்கில்லை. பெற்றோரைப் பேணுவது நம்மிடம் வணக்கத்துக்கு அடுத்ததாகச் சொல்லப்படுவது. இந்த நாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டப்படி, தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாது. ஆனால் அக்கா தாயைக் கைவிடவில்லையே! தாய்க்குக் கஞ்சிக்கும் மருந்துக்கும் வேண்டியதைச் சம்பாதிக்கத்தான் தாயை விட்டுவிட்டு என் உம்மாவைப் பார்க்க வருகிறார். கடமையைச் செய்வதற்கு அந்தக் கடமையையே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் கடமை என்று சொல்வது சரி. அதைச் செய்வதற்கு நேரமும் காசும் இல்லாதவரிடம் அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவது சரியல்ல. நானும் என் உம்மாவைப் ‘பார்க்கிறேன்’ என்றுதான் ஊரில் பெயர். பார்ப்பது யாருடைய கை?

இன்னொரு நண்பர் சொன்னார்: “எல்லோருக்கும் கொடுக்கப் போனால் ஒருவருக்கும் மிஞ்சாது. 2022இல் மருந்தில்லாமல் நாடு பட்ட பாட்டைப் பார்த்தோமே. முதலில் நாட்டுக்காரன், பிறகு மற்றவன்.”

இதுவும் இலேசான வாதமல்ல. உலகம் முழுவதும் இதே வாதந்தான். அமெரிக்காவில் 1996இல் வந்த சட்டம், முறைப்படி குடியேறியவர்களிலும் பலரை, ஏழைகளுக்கான அரச மருத்துவ உதவிக்கு ஐந்து வருடம் காத்திருக்க வைத்தது. வரி கட்ட மட்டும் முதல் வருடமே அனுமதி. ஜப்பான் 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் அதற்குச் சந்தா கட்டுகிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் முறைப்படி வசிக்கும் வெளிநாட்டவரும் அதில் அடக்கம். முதுமையில் வீட்டுக்கு வந்து கவனிக்க ஆள் அனுப்புகிறார்கள். அங்கே அளவுகோல் குடியுரிமையன்று, குடியிருப்பு.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், முகாம்களில் பதிவாகியிருக்கும் இலங்கை அகதிகளும் வருமான வரம்பு பார்க்காமல் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்தவர்களும் இருக்கிறார்கள். இந்தியா 2019இல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. அதாவது, நாட்டுக்காரன் இல்லை என்று ஒரு கை எழுதுகிறது; நோய் வந்தால் வா என்று மறு கை அழைக்கிறது. அந்த இரண்டாவது கை செய்ததை நான் குறைவாக மதிக்க மாட்டேன்.

அக்காவும் ஒரு காலத்தில் குடிபெயர்ந்தவர்தான். திருமணத்துக்குப் பின் இரண்டு வருடம் ரியாதில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அங்கும் ஒரு வயோதிகத் தாயைக் கவனிக்கும் வேலை. நோய் வந்தால் கபீல் பொறுப்பு. ஒப்பந்தம் முடிந்த அன்று அந்தப் பொறுப்பும் முடிந்தது. தோட்டத்துச் செக்ரோலுக்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் எழுத்தில்தான் வித்தியாசம்.

*

கவனிப்புக்கு உரித்துடையவர் யார் என்பதற்கு மூன்று பதில்கள் சொல்லப்படுகின்றன: பிரஜை, உழைத்துக் கொடுத்தவர், தேவையுள்ளவர்.

பிரஜை என்ற பதிலை மலையகத்தில் இருந்துகொண்டு நம்புவது கடினம். 1948க்கு முந்திய நாளும் பிந்திய நாளும் அந்த மனிதர்கள் அதே மனிதர்கள்; அதே மலையில் அதே கூடையோடு நின்றார்கள். ஒரு கையெழுத்தில் போய், இன்னொரு கையெழுத்தில் 2003இல் திரும்பி வந்த ஒன்று, ஒரு கிழவியின் முதுகுப் புண்ணை ஆற்றுவதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோலாக இருக்க முடியாது. பிரஜாவுரிமை பெரிய விசயம், உண்மை. அது இல்லாதவரால் உரிமையைக் கேட்டு வாங்க முடியாது. ஆனால் கேட்க முடியாதவருக்கு உரிமையே இல்லை என்று ஆகிவிடாது.

உழைத்தவர் என்ற பதில் இதைவிட மேலானது. இமாம் அபூ யூசுப் அவர்கள் கலீபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில் ஒரு சம்பவம் வருகிறது. கலீபா உமர் (ரலி) அவர்கள், பார்வை மங்கிய முதிய யூதர் ஒருவர் வாசல்தோறும் கையேந்தி நிற்பதைக் காண்கிறார்கள். காரணம் விசாரித்தபோது, வரியும் வறுமையும் முதுமையுமே என்று தெரிகிறது. கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போய்த் தம்மிடமிருந்ததைக் கொடுக்கிறார்கள். பிறகு பைத்துல்மால் பொறுப்பாளரை அழைத்து, இவர் வாலிபத்தில் இவரிடம் வரி வாங்கி உண்டுவிட்டு முதுமையில் இவரைக் கைவிடுவது நீதியாகாது என்ற கருத்துப்படப் பேசி, அவருக்கும் அவர் போன்றோருக்கும் வரியை நீக்கிப் பொது நிதியிலிருந்து கொடுக்கப் பணிக்கிறார்கள். அந்த முதியவர் முஸ்லிமல்லர் என்பதைக் கவனியுங்கள். உமர் (ரலி) அவர்கள் பார்த்தது அவர் யார் என்பதையல்ல. அவரிடமிருந்து நாம் என்ன வாங்கினோம் என்பதை.

இந்த நாடு அம்மாயியிடமிருந்து என்ன வாங்கியது? சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்தில் இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் வேரூன்றியபோது, அவற்றைத் தாங்கிய வருமானத்தில் பெரும்பங்கு தேயிலை ஏற்றுமதியிலிருந்து வந்தது. நான் சல்லி கொடுக்காமல் படித்த படிப்பில் அந்தக் கூடையின் பாரம் இருக்கிறது. வாங்கியவர் தோட்டத் துரை மட்டுமல்லர். நாமெல்லோரும் வாங்கியிருக்கிறோம். பலர் வாங்கிய கடனைப் பலரும் சேர்ந்துதான் அடைக்க வேண்டும். அதற்குத்தான் அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறது.

ஆயினும் இந்தப் பதிலும் முழுமையல்ல. உழைக்கவே முடியாதவர் என்ன செய்வார்? அதே தோட்டத்தில் பிறவியிலேயே நடக்க முடியாத பையன் ஒருவன் இருக்கிறான். அவன் யாருக்கும் ஒரு கொழுந்துகூடப் பறித்துக் கொடுத்ததில்லை. அவனிடம் யாரும் எதையும் வாங்கவில்லை. அதனால் கடனில்லை என்று விட்டுவிடலாமா?

இங்கே எனக்கு எங்கள் ஊர் மலை ஞாபகத்துக்கு வருகிறது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பு வழியாக ஜித்தாவுக்குப் போகவிருந்த விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 182 யாத்திரிகர்களும் விமான ஊழியர் ஒன்பது பேருமாக 191 பேர் மாண்டார்கள். அதன் சக்கரமொன்று நினைவாக எங்களூரில் வைக்கப்பட்டிருக்கிறது. வாப்பா அப்போது இளைஞர். மலைக்கு ஏறியவர்களில் அவரும் ஒருவர். முன்னால் வழிகாட்டி ஏறியவர்கள் தோட்டத்து ஆட்கள் என்றும், காட்டு வழி அவர்களுக்கே தெரிந்திருந்தது என்றும் சொல்வார். அந்த ஆண்டு மலையகத்தில் பஞ்சம். தோட்டங்களில் பசியால் செத்தார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் இரண்டு நாடுகள் அவர்களில் மிச்சப்பட்டவர்களைச் சரிபாதி பிரித்தன. எந்த நாட்டுக்கும் உரியவர்கள் என்று தீர்மானிக்கப்படாத பட்டினி மனிதர்கள், பெயர் தெரியாத தூர தேசத்தாரைத் தேடி மழையில் மலையேறினார்கள். அம்மாயிக்கு அப்போது இருபத்தொரு வயதிருக்கும். மேலே போனவர்களுக்குத் தேத்தண்ணி காய்ச்சிக் கொடுத்தோம், சீனி இல்லை என்று இப்போதும் சொல்வார். அந்த யாத்திரிகர்கள் எங்களுக்கு என்ன உழைத்துத் தந்தார்கள்? ஒன்றுமில்லை. வழியில் வீழ்ந்தார்கள், அவ்வளவுதான்.

ஸக்காத் பெறத் தகுந்தோர் என்று திருக்குர்ஆன் குறிப்பிடும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் அவர் செல்வந்தராகவே இருக்கலாம். இந்த இடத்தில், இந்த நேரத்தில் கையற்று நிற்பது போதும்.

ஆகவே நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். கவனிப்பின் கதவைத் திறப்பது தேவை. அந்தச் செலவை யார் சுமப்பது என்று சொல்வது கடன். ஆபத்துக்கு எல்லை இல்லை. விழுந்தவர் யாராயிருந்தாலும் தூக்க வேண்டும். வருடக்கணக்கான கவனிப்புக்கு ஓர் எல்லை வேண்டுமென்றால், அது ஒருவர் எங்கே வாழ்ந்து, எங்கே தன் காலத்தைச் செலவழித்தார் என்பதாக இருக்கட்டும். எந்தத் தாளை வைத்திருக்கிறார் என்பதாக இருக்க வேண்டாம். நண்பர் சொன்னது போல நாட்டின் கை சிறியதுதான். சிறிய கை குறைவாகக் கொடுக்கலாம். ஆளைப் பார்த்துக் கொடுப்பதற்குச் சிறுமை காரணமாகாது.

*

இவ்வளவும் எழுதிவிட்டு அரசாங்கத்தையும் தோட்டத்தையும் கைகாட்டி எழுந்து போக எனக்கு மனமில்லை. எங்கள் குடும்பத்தின் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

என் மூத்தவாப்பா கீழக்கரையிலிருந்து வந்து நோட்டன் பிரிட்ஜில் கடை வைத்தவர். 1949இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தின் பெயரே ‘இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்’ என்றுதான் தொடங்கும். எங்களைப் போன்றவர்களும் அதில் அடக்கம். 1946ஆம் ஆண்டுக்கு முன்னர், மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும். மூத்தவாப்பா நிரூபித்தார். கடையின் வாடகைத் துண்டுகளும் கடன் கொப்பிகளும் அவருக்குச் சாட்சியாக நின்றன.

அந்தக் கடன் கொப்பிகளில் ஒன்று வாப்பாவின் தகரப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. ஒரு நாள் எடுத்துப் புரட்டினேன். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் என்று பக்கம் பக்கமாகத் தோட்டத்து மனிதர்களின் பெயர்கள். ஒரு பக்கத்தில் அம்மாயியின் தகப்பனாருடைய பெயர். மாதம் தவறாமல், வருடம் வருடமாக. எங்கள் குடும்பம் இந்த மண்ணில் வாழ்ந்ததற்கு அந்தப் பெயர்கள்தான் அத்தாட்சி. அவர்கள் இங்கே வாழ்ந்ததற்கும் அதே பக்கங்கள் அத்தாட்சியாக இருந்திருக்கும். அந்தக் கொப்பியை அவர்களுக்காக யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. மூத்தவாப்பா கெட்ட மனிதரல்லர். அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு இடாப்பையும் என் வீட்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றாதது போலத்தான்.

மூன்று வருடமாக அக்கா என் வீட்டில் வேலை செய்கிறார். அவருக்கு நான் சேமலாப நிதி கட்டவில்லை. கட்டச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவுமில்லை. நாளை அவர் விழுந்தால், ‘இப்போது பதிவில்லை’ என்று சொல்லப்போகிறவர்களில் நானும் ஒருவன்.

மனைவியோடு பேசினேன். நானும் அவளும் காலையையும் இரவையும் பிரித்துக்கொண்டோம். அக்காவிடம், பன்னிரண்டு மணிவரை வந்தால் போதும், சம்பளம் குறையாது என்றேன். அவர் நம்பவில்லை. தோட்டத்தில் அரைநாள் நின்றால் அரைப்பேர்தான் விழும்.

“அரைநாளுக்கு முழுப்பேர் போடுவீங்களா சேர்?” என்று கேட்டார்.

“போடுறேன் அக்கா.”

“எத்தனை மாசத்துக்கு?”

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. உம்மா இருக்கும்வரை என்று சொல்ல வந்தேன். அதையே சொன்னால், ரியாத் கபீலின் பதிலுக்கும் என் பதிலுக்கும் என்ன வித்தியாசம்? அவர் பெயரில் வங்கியில் ஒரு கணக்குத் திறந்து, மாதாமாதம் ஒரு தொகை போடத் தொடங்கியிருக்கிறேன். அது போதாது என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்காரன் செய்யும் நல்ல காரியம், ஒரு நாடு செய்ய வேண்டிய நீதியின் இடத்தை நிரப்பாது. நான் இல்லாமல் போனால் அதுவும் இல்லாமல் போகும்.

பிள்ளை இப்போது வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். காலைப் பொழுதில் அம்மாயியைப் பார்க்க அடுத்த காம்பராவில் ஒரு மூதாட்டி ஒத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. மற்ற இரண்டு நாளும் இடாப்பில் பூச்சியம் விழுகிறது. அந்தப் பூச்சியத்தைப் போடும்போதெல்லாம், அது அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே விழுவது சரிதானா என்று யோசிக்கிறேன்.